கோயில் மண்டபத்துப் பட்டியல் வாட்ஸ்அப்பில் போனபோது: தென்னாப்பிரிக்காவில் சுகாதாரத் தகவல் கசிவை எப்போது, யாருக்குத் தெரிவிக்க வேண்டும்?

இது பயிற்சிக்காகக் கட்டிய மாதிரி நிகழ்வு. சிறிய மருத்துவ பிராக்டிஸ்களில், அதாவது தனியார் மருத்துவர் நடத்தும் கிளினிக்குகளில், நடக்கக்கூடிய தவறுகளைச் சேர்த்து உருவாக்கியது. எந்த மருத்துவரையும் எந்தக் கோயிலையும் இது குறிக்கவில்லை. இதில் வரும் சட்டப் பிரிவுகளும், தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஒழுங்காற்று ஆணையம் எடுத்த நடவடிக்கைகளும் உண்மையானவை.

நடந்தது

டர்பனுக்கு அருகே சாட்ஸ்வொர்த்தில் ஒரு குடும்ப மருத்துவர். தைப்பூசக் காவடிக்கு முன் பத்து நாள் விரதம் இருக்கும் சர்க்கரை நோயாளிகள் பலர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஜனவரி வெயிலில் காவடி எடுத்து மயங்கி விழுந்தபின்தான் விஷயம் தெரியவரும். அதனால் விரதம் தொடங்கும் முன்பே கோயில் மண்டபத்தில் இலவசப் பரிசோதனை வைத்தார். விரல் நுனியில் சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை. விரும்பியவர்களுக்குத் திரை மறைவில் ஹெச்.ஐ.வி. விரைவுச் சோதனை. வந்தவர்கள் 186 பேர், ஹெச்.ஐ.வி. சோதனை செய்துகொண்டவர்கள் 58 பேர். அவர்களில் மூவருக்கு ‘ரியாக்டிவ்’, அதாவது தொற்று இருக்கலாம், என்று வந்தது.

பிராக்டிஸின் வரவேற்பாளர் எல்லாவற்றையும் ஒரே எக்செல் கோப்பில் ஏற்றினார். முதல் தாளில் பெயர், செல்போன் எண், மறுபடி வர வேண்டிய தேதி. இரண்டாம் தாளில் 13 இலக்க அடையாள எண், சர்க்கரை அளவு, சாப்பிடும் மருந்துகள், ஹெச்.ஐ.வி. முடிவு.

வியாழக்கிழமை மாலை கோயில் கமிட்டிச் செயலாளர் கேட்டார்: “அக்கா, யார் யார் திரும்ப வரணும்னு லிஸ்ட் அனுப்புங்க, நாங்க போன் பண்ணிச் சொல்லிடறோம்.” வரவேற்பாளர் இரண்டாம் தாளை மறைத்துவிட்டு, செயலாளருக்கு அனுப்புவதாக நினைத்து 74 பேர் இருந்த தொண்டர் குழுவில் கோப்பைப் போட்டார். அப்போது மணி 4:10. 4:52-க்கு ஒரு தொண்டர் கூப்பிட்டு, “இதுல எல்லாருடைய ரிசல்ட்டும் தெரியுதே” என்றார். 4:58-க்கு ‘அனைவருக்கும் நீக்கு’ அழுத்தினார். இரவெல்லாம் தவித்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்குத்தான் மருத்துவரிடம் சொன்னார்: “டாக்டர், நேத்து ஒரு தப்பு நடந்துபோச்சு.”

மருத்துவரின் முதல் பதில், “அழிச்சாச்சுல்ல? அப்புறம் என்ன?” இணையத்தில் தேடிப் பார்த்த கணக்காளர் சொன்னது, “500 பேருக்குக் கீழே இருந்தா ரிப்போர்ட் பண்ண வேண்டாமாம்.” இரண்டுமே தவறு.

எண்ணிக்கை வரம்பு இல்லை, தீங்கு வரம்பும் இல்லை

500 என்பது அமெரிக்காவின் சுகாதாரத் தகவல் சட்டமான ஹிப்பாவின் விதியில் உள்ள எண். 500 பேர் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டால் 60 நாளுக்குள் அங்குள்ள சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஆண்டு முடிந்து 60 நாளுக்குள் சேர்த்துத் தெரிவிக்கலாம். அங்கேகூட 500-க்குக் கீழே முழு விலக்கு கிடையாது. கசிவைத் தெரிவிக்கப் பலரும் சொல்லும் 72 மணி நேரம் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதி. பிரான்ஸின் பகுதி என்பதால் ரியூனியன் தீவில் அது பொருந்தும்; மொரிஷியஸின் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 72 மணி நேரத்தையே சொல்கிறது. தென்னாப்பிரிக்காவின் இணையக் குற்றச் சட்டத்திலும் ஒரு 72 மணி நேரம் வருகிறது. ஆனால் அது தொலைத்தொடர்புச் சேவையாளர்களுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் எழுதப்பட்டது. மருத்துவருக்கு அல்ல.

இங்கே பார்க்க வேண்டியது போப்பியா, அதாவது 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2021 ஜூலை 1 முதல் முழுக் கட்டாயத்துடன் நடைமுறையில் இருக்கிறது. அதன் 22-ஆம் பிரிவு கேட்பது ஒன்றே: ஒருவருடைய தகவலை அனுமதியில்லாத யாரோ பார்த்திருக்கிறார்கள் அல்லது பெற்றிருக்கிறார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறதா? இருந்தால் ஆணையத்துக்கும் சொல்ல வேண்டும், தகவலுக்கு உரியவருக்கும் சொல்ல வேண்டும். ஒருவர் என்றாலும் சொல்ல வேண்டும். தீங்கு வருமா வராதா என்று எடைபோட்டு விட்டுவிடும் சலுகை, ஐரோப்பிய விதியில் இருப்பதுபோல், இங்கே இல்லை. உறுதியான சான்று வரும்வரை காத்திருக்கவும் சட்டம் சொல்லவில்லை. நியாயமான காரணம் போதும்.

இந்த நிகழ்வில் அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடுகிறது. கோப்பு 74 கைப்பேசிகளுக்குப் போயிருக்கிறது. திறந்து பார்த்ததாக ஒருவர் தானே சொல்லியிருக்கிறார். தெரிவிக்க வேண்டிய கடமை அந்தத் தொலைபேசி அழைப்போடு பிறந்துவிட்டது.

‘அழிச்சாச்சு’ ஏன் போதாது

நீக்கு அழுத்தும் முன்பே பலருடைய கைப்பேசியில் கோப்பு தானாக இறங்கியிருக்கும். கோப்பாகச் சேமித்தவரிடமும் வேறு குழுவுக்கு அனுப்பியவரிடமும் அது அப்படியே இருக்கும். அதைவிட நடைமுறையில் பெரிய இழப்பு இன்னொன்று. குழுவில் போட்ட செய்தியை அழுத்திப் பிடித்துத் ‘தகவல்’ என்பதைத் தொட்டால், யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் பார்த்தார்கள் என்ற பட்டியல் வரும். நீலக் குறியை அணைத்து வைத்தவர்களும் குழுச் செய்தியில் அந்தப் பட்டியலில் வருவார்கள். செய்தியை நீக்கினால் பட்டியலும் போய்விடும். முதலில் அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், அடுத்த நொடியே நீக்க வேண்டும். மொத்தம் அரை நிமிட வேலை. இங்கே வரவேற்பாளர் பதற்றத்தில் நேராக நீக்கிவிட்டதால், யார் பார்த்தார்கள் என்பதை 74 பேரிடமும் தனித்தனியே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. 61 பேர் பதில் சொன்னார்கள். மீதி 13 பேரையும் ‘பார்த்திருக்கலாம்’ என்ற கணக்கில்தான் வைக்க முடியும்.

கேட்கும்போது மிரட்டக் கூடாது. “இந்தக் கோப்பு தவறுதலாக வந்தது. திறந்தீர்களா, சேமித்தீர்களா, யாருக்காவது அனுப்பினீர்களா? எல்லா இடத்திலும் அழித்துவிட்டதாக ஒரு வரி எழுதி அனுப்புங்கள்” என்று மருத்துவரே தன் பெயரில் கேட்பது நல்லது. அந்த எழுத்துப் பதில்களைத் தேதியோடு பத்திரப்படுத்த வேண்டும். அவை கசிவை இல்லாமல் ஆக்கிவிடாது. ஆனால் சேதத்தைக் குறைக்க என்ன செய்தீர்கள் என்று ஆணையம் கேட்கும்போது காட்டக்கூடியவை அவைதான்.

மறைத்த தாளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எக்செலில் தாளை மறைப்பது பாதுகாப்பே அல்ல. கீழே உள்ள தாள்பெயரில் வலது சொடுக்கினால் அது திரும்ப வந்துவிடும். சில கைப்பேசிச் செயலிகள் மறைத்த தாளையும் சேர்த்தே காட்டும். வடிகட்டிய வரிசைகளும் அப்படித்தான், கோப்புக்குள் அப்படியே கிடக்கும். வேண்டிய மூன்று பத்திகளை மட்டும் புதிய கோப்பில் ஒட்டி, பி.டி.எஃப். ஆக்கி அனுப்பியிருந்தால் தொண்டர்கள் கையில் பெயரும் எண்ணும் தேதியும் மட்டுமே இருந்திருக்கும். அதுவும் தவறுதான், ஆனால் இதோடு ஒப்பிடக்கூடிய தவறு அல்ல.

கடிகாரம் எப்போது தொடங்குகிறது

சட்டம் மணிக்கணக்கு சொல்லவில்லை. கசிவைக் கண்டறிந்தபின் ‘நியாயமாக முடிந்த அளவு விரைவில்’ என்கிறது. காவல்துறையின் நியாயமான தேவைகள், எவ்வளவு கசிந்தது என்று அறிவதற்கும் கணினி அமைப்பைச் சீராக்குவதற்கும் தேவையான வேலைகள் ஆகியவற்றுக்கு மட்டும் இடம் தருகிறது. வழக்கறிஞரை ஆலோசிப்பது, கூட்டாளி மருத்துவர் விடுமுறையிலிருந்து திரும்புவது, கமிட்டி கூடுவது எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

கண்டறிந்தது யார், எப்போது? மருத்துவருக்குத் தெரிந்தது வெள்ளி காலை 8 மணிக்கு. ஆனால் பிராக்டிஸின் ஊழியருக்கு வியாழன் 4:52-க்கே தெரியும். ஊழியருக்குத் தெரிந்தது பிராக்டிஸுக்குத் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பான வாசிப்பு. ஆணையத்துக்கு எழுதும்போது 4:52 என்றே எழுத வேண்டும். இடையில் போன 15 மணி நேரத்துக்குக் காரணத்தையும் உள்ளபடி எழுத வேண்டும். நேரத்தைப் பின்தள்ளி எழுதுபவர்கள் மாட்டுவது இங்கேதான். நீக்கிய நேரம் 74 பேருடைய திரையிலும் பதிந்திருக்கிறது.

எங்கள் கணிப்பில், இந்த அளவு நிகழ்வுக்கு முதல் அறிக்கை 24 மணி நேரத்துக்குள் போய்விட முடியும், போக வேண்டும். 72 மணி நேரத்தை உள் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. அதில் தவறில்லை, அது சட்டம் தந்த அவகாசம் என்று நினைக்காதவரை. ஒரே நாளில் முடியக்கூடியதை மூன்றாம் நாள் செய்தால் அது ‘நியாயமாக முடிந்த அளவு விரைவில்’ ஆகாது.

யார் தெரிவிப்பது

கோயில் கமிட்டியா, பிராக்டிஸா? எந்த நோக்கத்துக்காக, எந்த வழியில் தகவலைக் கையாளுவது என்று தீர்மானித்தவரே சட்டப்படி பொறுப்பாளி. பரிசோதனையை முடிவு செய்ததும் கோப்பை உருவாக்கியதும் பிராக்டிஸ். ஆகவே பிராக்டிஸ்தான் தெரிவிக்க வேண்டும். கோயில் தன் வாசலில் தனியாக வைத்த வருகைப் பதிவேடு கோயிலின் பொறுப்பு. இந்தக் கசிவில் அது இல்லை.

கோப்பை வைத்திருந்தது வெளியில் உள்ள பில்லிங் நிறுவனமாகவோ மென்பொருள் நிறுவனமாகவோ இருந்தால், 21-ஆம் பிரிவின்படி அவர்கள் உடனடியாக மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆணையத்திடம் சொல்லும் கடமை அப்போதும் மருத்துவருடையதே. டிஸ்-கெம் மருந்தகத் தொடரின் விஷயம் இதற்கு நல்ல பாடம். 2022-இல் அதன் சேவை நிறுவனம் ஒன்றின் தரவுத்தளத்துக்குள் வெளியார் நுழைந்தார்கள்; சுமார் 36 லட்சம் பேருடைய பெயர், மின்னஞ்சல், செல்போன் எண்கள் அதில் இருந்தன. 2023-இல் ஆணையம் அமலாக்க ஆணை அனுப்பியது சேவை நிறுவனத்துக்கு அல்ல, டிஸ்-கெமுக்கு. பலவீனமான கடவுச்சொற்கள், போதாத கண்காணிப்பு, சேவை நிறுவனத்தோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாமை, தகவலுக்கு உரியவர்களுக்குச் சட்டப்படி தெரிவிக்காமை எல்லாம் அதில் பேசப்பட்டன.

அறிக்கை

2025 ஏப்ரல் முதல் கசிவு அறிக்கைகளை ஆணையத்தின் இணையச் சேவைத் தளத்தில்தான் பதிய வேண்டும். இதில் சிறிய பிராக்டிஸ்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தனியார் அமைப்பில் அதன் தலைவரே தகவல் அலுவலர், அதாவது இந்தச் சட்டத்தைப் பின்பற்றுவதற்குப் பொறுப்பானவர். ஒரே மருத்துவர் உள்ள இடத்தில் அவரேதான். அவரை ஆணையத்திடம் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவும் அதே தளத்தில்தான். கசிவு நடந்த நாளில் முதல்முறையாக உள்நுழைவுக் கணக்கு உருவாக்கத் தொடங்கினால் பொன்னான மணி நேரங்கள் வீணாகும். இன்றே செய்து வைக்கக்கூடிய வேலை.

நடந்த தேதி, தெரிவிக்கும் தேதி, தாமதம் என்றால் காரணம், கசிவின் வகை, பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை, எந்த வகைத் தகவல், இதுவரை எடுத்த நடவடிக்கை, உரியவர்களுக்குச் சொல்லியாயிற்றா, எப்படி: இவற்றை முன்கூட்டியே ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். எண்ணிக்கை இன்னும் சரியாகத் தெரியாவிட்டால் தெரிந்த அளவைக் கொடுத்து, பிறகு சேர்த்துத் தருவதாக எழுதலாம். இந்த நிகழ்வில் எண்ணிக்கை 186. மூன்று அல்ல, 58 அல்ல. எல்லோருடைய அடையாள எண்ணும் கோப்பில் இருந்தது; அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. ஹெச்.ஐ.வி. பத்தி காலியாக இருந்தவரைப் பற்றிக்கூட அந்தக் கோப்பு ஒன்றைச் சொல்கிறது: இவர் சோதனை செய்துகொள்ளவில்லை. சோதனைக்குப் போனார் என்பதே சிலருக்கு வீட்டில் தெரியக் கூடாத செய்தி.

அறிக்கையில் நோயாளிகளின் பெயர்களையோ அந்தக் கோப்பையோ இணைக்கக் கூடாது. ‘ஆதாரமாக’ என்று கோப்பையே ஏற்றிவிட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பத்திகளின் தலைப்புகள் போதும்.

நோயாளிகளுக்குச் சொல்வது

ஆணையத்துக்கான அறிக்கை ஒரு மதிய வேலை. இதுதான் கடினமான பகுதி. இங்கே பதறினால் இரண்டாவது கசிவு நடக்கும்.

உரியவருக்குச் சொல்வதைத் தள்ளிப்போட மருத்துவருக்குச் சொந்த அதிகாரம் இல்லை. சொன்னால் குற்றப் புலனாய்வு கெடும் என்று காவல்துறை போன்ற அரசு அமைப்போ ஆணையமோ தீர்மானித்தால் மட்டுமே தள்ளிப்போடலாம். அறிவிப்பு எழுத்தில் இருக்க வேண்டும். கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அஞ்சல், மின்னஞ்சல், இணையதளத்தில் எடுப்பான இடம், செய்தி ஊடகம், அல்லது ஆணையம் சொல்லும் வேறு வழி. வாட்ஸ்அப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை. செல்போன் எண் மட்டுமே கையில் இருந்தால், அறிக்கையிலேயே ஆணையத்திடம் அந்த வழிக்கு அனுமதி கேட்டுவிட வேண்டும். தொலைபேசியில் பேசுவது நல்லது, மனிதத்தன்மை உள்ளது. ஆனால் கடிதத்துக்குப் பதில் ஆகாது.

‘ரியாக்டிவ்’ வந்த மூவருக்கு மட்டும் தனிக் கடிதம் அனுப்பலாமா? கூடாது. சாட்ஸ்வொர்த்தில் ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருக்கும்; மாமியார் பிரிக்கும் கடிதங்கள் உண்டு. அண்டை வீட்டாருக்கு ஒரு மாதிரி, இவருக்கு வேறு மாதிரி வந்தால் கடிதமே முடிவைச் சொல்லிவிடும். 186 பேருக்கும் ஒரே வாசகம், ஒரே மாதிரி உறை, உறையில் பெயரும் முகவரியும் மட்டும். மின்னஞ்சல் என்றால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். மறைநகல் (BCC) பெட்டியை நம்பி மொத்தமாக அனுப்பி, முகவரிகள் எல்லாருக்கும் தெரியும் பெட்டியில் விழுந்த நிகழ்வுகள் ஏராளம். அந்த மூவரை, கடிதம் போய்ச் சேரும் முன், மருத்துவரே நேரில் தனியாகச் சந்திக்க வேண்டும். ‘ரியாக்டிவ்’ என்பது இன்னும் உறுதிச் சோதனை முடியாத நிலை. அவர்கள் அந்தச் சோதனைக்கே வராமல் போய்விடுவதுதான் இந்தக் கசிவின் மிகக் கொடிய விளைவாக இருக்கும்.

மூவரில் ஒருவர் 15 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். பெற்றோருக்குத் தெரிவிப்பதே முறை என்று பலர் நினைப்பார்கள். 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 130-ஆம் பிரிவின்படி 12 வயது நிரம்பியவர் ஹெச்.ஐ.வி. சோதனைக்குத் தானே ஒப்புதல் தரலாம்; 133-ஆம் பிரிவின்படி அவருடைய முடிவை வெளியிடவும் அவருடைய ஒப்புதல்தான் வேண்டும். அவர் தனியாக வந்து சோதித்திருந்தால், பெற்றோருக்குப் போடும் கடிதம் சட்டமீறல். அவரிடமே பேசி, எந்த வழியில் அறிவிப்பைப் பெற விரும்புகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை நான்கு: என்ன விளைவு வரலாம், பிராக்டிஸ் என்ன செய்தது அல்லது செய்யப்போகிறது, பெறுபவர் தன்னைக் காத்துக்கொள்ள என்ன செய்யலாம், தகவலைப் பெற்றவர் யார் என்று தெரிந்தால் அது. வாசகம் இப்படி இருக்கலாம்:

“கோயில் மண்டபத்தில் நாங்கள் நடத்திய பரிசோதனையின் பதிவுக் கோப்பு வியாழக்கிழமை மாலை 4:10 மணிக்கு எங்கள் தவறால் 74 பேர் உள்ள தொண்டர் குழுவுக்குப் போய்விட்டது. 48 நிமிடம் அங்கே இருந்தது. உங்கள் பெயர், செல்போன் எண், அடையாள எண், அன்று எடுத்த அளவுகள், நீங்கள் சாப்பிடும் மருந்துகள் அதில் இருந்தன. சிலர் ஹெச்.ஐ.வி. சோதனையும் செய்துகொண்டார்கள், அந்த முடிவுகளும் அதில் இருந்தன. பெற்றவர்களை அழிக்கச் சொல்லி எழுத்தில் கேட்டிருக்கிறோம். சிலர் இன்னும் பதில் தரவில்லை. தகவல் ஒழுங்காற்று ஆணையத்துக்குத் தெரிவித்துவிட்டோம். உங்கள் பெயரில் யாராவது கடன் வாங்க முயலலாம். தென்னாப்பிரிக்க மோசடித் தடுப்புச் சேவையில் இலவசமாகப் பாதுகாப்புப் பதிவு செய்துகொள்ளுங்கள். இந்தக் கோப்பைப் பற்றி யாராவது உங்களிடம் பேசினால் எங்களுக்குச் சொல்லுங்கள். மருத்துவரிடம் தனியாகப் பேச இந்த எண்ணில் கூப்பிடுங்கள்.”

இதை ஆங்கிலத்திலும் தமிழிலும், தேவைப்படுவோருக்கு ஜூலு மொழியிலும் தர வேண்டும். ‘சிறு தொழில்நுட்பக் கோளாறு’, ‘கவலைப்பட ஒன்றுமில்லை’ போன்ற சொற்கள் கடிதத்தில் வரவே கூடாது. கவலைப்பட வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்த நோயாளி.

தெரிவிக்காமல் விட்டால்

மறைத்தவுடன் அபராதம் விழுந்துவிடுவதில்லை. புகாரோ ஆணையத்தின் சொந்த ஆய்வோ முதலில் வரும். பிறகு அமலாக்க ஆணை. அதையும் மீறினால் குற்றம். அதற்கு 10 ஆண்டு வரை சிறை, அல்லது நிர்வாக அபராதம் 1 கோடி ராண்ட் வரை. நீதித்துறை அமைச்சகத்துக்கு 2023 ஜூலையில் விழுந்த 50 லட்சம் ராண்ட் அபராதம் இந்த வழியில் வந்ததுதான். 2021-இல், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தாக்குதல் அதன் கணினிகளை முடக்கியது. வைரஸ் தடுப்பு போன்ற மென்பொருள்களின் உரிமங்கள் புதுப்பிக்கப்படாமல் இருந்தன. 2023 மே மாதத்தில் வந்த அமலாக்க ஆணையை அது நிறைவேற்றவில்லை.

இதற்கு வெளியே 99-ஆம் பிரிவு இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். வேண்டுமென்றே செய்தார்கள் என்றோ கவனக்குறைவு என்றோ அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. மருத்துவ ரகசியத்தைப் பற்றித் தேசிய சுகாதாரச் சட்டத்தின் 14, 17-ஆம் பிரிவுகளும் சுகாதாரத் தொழில் வல்லுநர் மன்றத்தின் ஒழுக்க விதிகளும் தனியே நிற்கின்றன. ஆணையத்துக்குச் சொல்லிவிட்டதால் அவை தீர்ந்துவிடா.

சற்றே மாறிய நிலைமைகள்

முழு வட்டும் குறியாக்கம் செய்த மடிக்கணினி, அணைத்த நிலையில், கடவுச்சொல் எங்கும் ஒட்டப்படாமல் திருடு போனால், யாரும் தகவலைப் பெற்றார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இல்லை என்று வாதிட இடம் உண்டு. ஏன் அப்படி முடிவு செய்தீர்கள் என்பதை அன்றே எழுதித் தேதியிட்டு வைக்க வேண்டும். அதே கணினியில் கடவுச்சொல் துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தால் அந்த வாதம் செல்லாது.

செவிலியர் ஒருவர் வேலைக்குத் தொடர்பில்லாமல் பக்கத்து வீட்டுக்காரரின் கோப்பைத் திறந்து பார்த்தால் அதுவும் கசிவு. உள்ளே இருப்பவரும் அந்தக் கோப்புக்கு அனுமதியில்லாதவரே. குப்பையில் போன காகிதக் கோப்புகளுக்கும் இதே சட்டம்தான். பணயத் தாக்குதலில் ‘எதுவும் வெளியே போகவில்லை’ என்று கணினி ஆள் சொன்னால், எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பதிவேடுகள் இல்லாமல் சொல்கிறார் என்றால் தெரிவித்துவிடுங்கள். 2024 ஜூனில் தேசிய சுகாதார ஆய்வகச் சேவை அப்படித் தாக்கப்பட்டபோது, நாடெங்கும் அரசு மருத்துவமனைகள் இரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்து சேராமல் தவித்தன.

மாதிரி நிகழ்வில் அறிக்கை வெள்ளி மதியம் 3 மணிக்குப் போனது. அன்று மாலைக்குள் மூவரையும் மருத்துவர் சந்தித்தார். கடிதங்கள் சனிக்கிழமை புறப்பட்டன. பத்தாம் நாள், 13 பேரில் ஒன்பது பேரின் பதில் வந்தபின், ஆணையத்துக்குத் திருத்திய எண்ணிக்கையுடன் துணை அறிக்கை சேர்க்கப்பட்டது. திரும்பிவந்த 11 கடிதங்களுக்கு வேறு முகவரி தேடும் வேலை அதற்குப் பிறகும் நடந்தது. கோப்பிலிருந்து அடையாள எண் பத்தி நீக்கப்பட்டது. சர்க்கரை பார்ப்பதற்கு அது தொடக்கத்திலிருந்தே தேவைப்படவில்லை.